வராத மெயிலை யார் கவனிப்பது?

2012 ஆகஸ்ட் 1, நியூயார்க்கில் காலை 8:01. நைட் கேப்பிடல் என்ற பங்குத் தரகு நிறுவனத்தின் உள்கணினி ஒன்று, ஊழியர் குழு ஒன்றுக்கு மெயில் அனுப்ப ஆரம்பித்தது. ‘பவர் பெக் முடக்கப்பட்டுள்ளது’ என்ற பிழைக்குறிப்பு அதில் இருந்தது. 9:30க்குச் சந்தை திறப்பதற்குள் இப்படி 97 மெயில்கள் போய்விட்டன. என்ன ஏது என்று யாரும் கேட்கவில்லை.

ஆர்டர்களை அனுப்பும் 8 சர்வர்களில் 7ல் புதிய நிரலை ஏற்றியிருந்தார்கள். எட்டாவது விட்டுப்போயிருந்தது. 2003லேயே பயன்பாட்டிலிருந்து எடுத்துவிட்ட ‘பவர் பெக்’ என்ற பழைய நிரல்பகுதி அந்த ஒன்றில் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. சந்தை திறந்ததும் வந்த புதிய ஆர்டர்கள் அதைத் தட்டி எழுப்பின. 212 சின்ன ஆர்டர்களை நிறைவேற்றப் போய், 45 நிமிடத்தில் 154 நிறுவனங்களின் பங்குகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வர்த்தகங்களைச் செய்து தீர்த்தது. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2013 அக்டோபரில் வெளியிட்ட உத்தரவு அந்த 97 மெயில்களையும் விட்டுவைக்கவில்லை. அவை எச்சரிக்கைகளாக உருவாக்கப்பட்டவை அல்ல, வந்ததும் பிரித்துப் பார்க்கும் வழக்கமும் ஊழியர்களுக்கு இல்லை என்று பதிவு செய்திருக்கிறது.

இப்போது இன்னொன்று. 2017 ஜனவரி 31 இரவு, நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்லேப் தளத்தின் டேட்டாபேஸில் ஒரு பொறியாளர் சர்வர் மாறி டேட்டா அடைவை அழித்துவிட்டார். துணை சர்வரில் கொடுக்கவேண்டிய கட்டளை முதன்மை சர்வரில் போனது. சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். சரி, பேக்கப் இருக்கிறதே என்று அமேசான் சேமிப்பகத்தைத் திறந்தால் அங்கே எதுவும் இல்லை. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2. பதிப்பு பொருந்தாததால் பேக்கப் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்ல, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரான் என்ற நிரல் மெயில் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த மெயில்களில், அனுப்பியவர் உண்மையானவர்தானா என்று பார்க்கும் டிமார்க் சரிபார்ப்புக்கான ஏற்பாடு இல்லாததால், வாங்கும் பக்கத்து மெயில் சர்வர் அவற்றைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் அன்றைக்குக் காப்பாற்றியது. நடந்ததை எல்லாம் கிட்லேப் நிறுவனமே ஒளிக்காமல் எழுதி வெளியிட்டது.

முதல் கதையில் மெயில் வந்தது, யாரும் படிக்கவில்லை. இரண்டாவதில் மெயில் வரவில்லை, வராததை யாரும் கவனிக்கவில்லை. தினசரி சர்வர் ரிப்போர்ட்டுகளைப் படிக்கும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைப்பது பற்றிப் பேசும்போது எல்லோருக்கும் முதல் கதைதான் ஞாபகம் வருகிறது. படிக்க ஆள் இல்லை, அதனால் படிக்க ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு குட்டி நிரல். எனக்குக் கவலை தருவது இரண்டாவது கதை.

இந்த ரிப்போர்ட்டுகள் எங்கிருந்து முளைக்கின்றன என்று பார்த்தால் பாதிச் சிக்கல் புரிந்துவிடும். லினக்ஸ் சர்வர்களில் குறித்த நேரத்துக்கு வேலைகளை ஓட்டுவது க்ரான். அதற்கு ஒரு பழைய வழக்கம்: ஓட்டிய வேலை திரையில் ஏதாவது எழுதினால், எழுதியதை அப்படியே மெயிலில் அனுப்பிவிடும். வேலை வெற்றியா தோல்வியா என்பது க்ரானுக்குப் பொருட்டே இல்லை. வாய் திறந்தால் மெயில், திறக்காவிட்டால் இல்லை. அதனால் நன்றாக ஓடும் ஸ்கிரிப்ட் தினமும் ‘முடிந்தது, முடிந்தது’ என்று வளவளக்கும். வாய் திறக்காமல் செத்துப்போன ஸ்கிரிப்ட் பற்றி ஒரு தகவலும் வராது. மெயில் தொல்லை தாங்காமல் யாரோ ஒருவர், எழுதுவதையெல்லாம் குப்பைக்குப் போகும்படி அந்த வரியின் கடைசியில் சேர்த்துவிடுவார். அன்றோடு பிழைச்செய்தியும் போச்சு.

இதற்கு மேல் லாக்வாட்ச் மாதிரியான கருவிகள். சர்வர் தன்னிடம் நடப்பதை வரிவரியாக எழுதி வைக்கும் லாக் என்ற பதிவேட்டில் நேற்றையதை எல்லாம் புரட்டி, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், எத்தனை பேர் கடவுச்சொல் தப்பாகப் போட்டார்கள், டிஸ்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று ஒரு தொகுப்பு தரும். ரெட்ஹேட், சென்ட்ஓஎஸ் என்ற லினக்ஸ் வகைகளின் பழைய சர்வர்களில் தினசரி வேலைகள் அதிகாலை 4:02க்கு ஓடும். சர்வர் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் இருந்தால் நமக்கு அது காலை 9:32. ஆபீஸுக்குள் நுழைந்து நாற்காலியில் உட்காரும் நேரம். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் நாற்பது சர்வர்கள் இருந்தன, அதாவது நாற்பது மெயில்கள். முதல் வாரம் எல்லாவற்றையும் படித்தேன். இரண்டாவது வாரம் தலைப்பை மட்டும் பார்த்தேன். மூன்றாவது வாரம் அவற்றுக்கென்று ஒரு தனி ஃபோல்டரும் விதியும் போட்டாயிற்று. அப்புறம் மாதத்துக்கு ஒரு தடவை ‘அனைத்தும் படித்ததாகக் குறி’ என்ற பட்டனை அமுக்கினால் வேலை முடிந்தது. என்னிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போனவரும் இதையேதான் செய்துகொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. என் ஃபோல்டருக்கு வைத்த பெயரைத்தான் அவரும் வைத்திருந்தார்.

இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டிவிடலாம். ஆனால் மனிதக் கண்ணின் இயல்பே அப்படி. இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள் ஏன் நேரம் போகப்போகத் தவறவிடுகிறார்கள் என்ற கேள்வியிலிருந்து நார்மன் மேக்வொர்த் ஒரு கடிகாரச் சோதனையை உருவாக்கினார். 1948ல் வெளியான அதன் முடிவு: அரை மணி நேரத்திலேயே கவனம் சரிந்துவிடுகிறது. ஜெரெமி வுல்ஃப் குழுவினர் 2005ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெருக்கமானது. விமான நிலையத்தில் பை சோதிப்பது போன்ற வேலை. பாதிப் படங்களில் தேடும் பொருள் இருந்தபோது, பார்வையாளர்கள் 7 சதவீதம் தவறவிட்டார்கள். நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது 30 சதவீதம். ஆட்களும் அவர்களே, பொருட்களும் அவையே. அரிதாக வருவது கண்ணில் படாது, அவ்வளவுதான். நாற்பது சர்வர் ரிப்போர்ட்டில் உண்மையான கோளாறு மாதத்துக்கு ஒன்று வந்தால் அது ஆயிரத்துக்கு ஒன்று. ‘கவனமாகப் படியுங்கள்’ என்று சுற்றறிக்கை விடுவதால் இது மாறப்போவதில்லை.

தெரிந்ததைத் தூக்கிப் போடு

ஆக, இயந்திரம் படிக்கட்டும். எப்படிப் படிப்பது என்பதில் இரண்டு பழைய பள்ளிகள் உண்டு.

முதல் பள்ளி, கெட்ட சொற்களைத் தேடுவது. 1993ல் ஸ்டான்ஃபோர்டில் எழுதப்பட்ட ஸ்வாட்ச் என்ற நிரல் இந்த ரகம். லாக்கில் இன்ன சொல் வந்தால் எனக்குச் சொல் என்று பட்டியல் கொடுத்துவிடுவோம். ‘எரர்’, ‘ஃபெயில்டு’, ‘பேனிக்’ என்று தேடுவது இன்றைக்கும் எல்லோரும் முதலில் எழுதும் ஸ்கிரிப்ட். இதன் ஓட்டை வெளிப்படையானது. நேற்று வரை நடக்காத கோளாறு என்ன சொல்லோடு வரும் என்று நமக்கு எப்படித் தெரியும்? அந்தக் காலத்திலிருந்து இன்று வரை ஒவ்வொரு நிரல் எழுதியவரும் தன் மனம் போன போக்கில் பிழைச்செய்தி எழுதியிருக்கிறார். போதாக்குறைக்கு ‘0 எரர்ஸ்’ என்ற நல்ல செய்தியும் வலையில் சிக்கும்.

இரண்டாவது பள்ளியைத் தொடங்கி வைத்தவர் சர்வர்களைக் காக்கும் தீச்சுவர் (ஃபயர்வால்) உலகின் முன்னோடிகளில் ஒருவரான மார்கஸ் ரானம். 1997ல் அவர் இதற்கு வைத்த பெயர் ‘செயற்கை அறியாமை’. செயற்கை நுண்ணறிவு என்று எல்லோரும் குதிக்கும் இந்தக் காலத்தில் இந்தப் பெயரைச் சொன்னாலே எனக்குச் சிரிப்பு வரும். கருத்து மிக எளிது. கெட்டதைத் தேடாதே. நல்லது என்று உனக்கு நிச்சயமாகத் தெரிந்த வரிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடு. கடைசியில் வடிகட்டியில் நிற்பது எதுவோ, அதைப் பார். அரிசி களைவது மாதிரிதான். கல் எந்த நிறத்தில் இருக்கும் என்று தெரியவேண்டியதில்லை, அரிசி எப்படி இருக்கும் என்று தெரிந்தால் போதும்.

செய்து பார்ப்பது ஒரு மதிய வேலை. ஒரு வார லாக்கை எடுத்து, நேரம், எண்கள், ஐபி முகவரிகளை எல்லாம் ஒரே குறியாக மாற்றிவிடவேண்டும். பிறகு ஒரே மாதிரி வரிகளைச் சேர்த்து எண்ணி, எண்ணிக்கைப்படி அடுக்கவேண்டும். லட்சக்கணக்கான வரிகள் சில நூறு வகைகளாகச் சுருங்கிவிடும். மேலே ஆயிரக்கணக்கில் வரும் வகைகள் அன்றாடச் சலசலப்பு. உலகில் எங்கிருந்தோ யாரோ உங்கள் சர்வரின் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பது அதில் பெரும்பங்கு. பொதுவலையில் ஒரு சர்வரைத் திறந்து வைத்தால் தட்டல் நிற்காது. கீழே ஒன்றிரண்டு முறை மட்டும் வந்த வரிகளில்தான் விஷயம் இருக்கும். முதல் தடவை செய்தபோது, ஒரு மெமரி சிப் தன் பிழைகளைத் தானே திருத்திக்கொண்டதாகச் சொன்ன நான்கு வரிகள் எனக்கு அடியில் கிடைத்தன. மாதக்கணக்காக அது சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு லாக்செக் என்ற தொகுப்பு இதையே செய்து தரும். விலக்கவேண்டிய வரிகளின் வடிவங்களைக் கண்டிப்பான நிலை, சர்வர் நிலை, மேசைக்கணினி நிலை என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் விலக்குப் பட்டியல் நாளாக ஆக ஊதும். அதிகாலை மூன்று மணிக்கு எழுப்பப்பட்ட ஒருவர், அரைத்தூக்கத்தில், ‘டைம்அவுட் என்று வந்தால் விட்டுவிடு’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டுப் போய்ப் படுப்பார். ஒரு குறிப்பிட்ட சேவையின் டைம்அவுட்டை மட்டும் விலக்க நினைத்தது, சேமிப்பகத்தின் டைம்அவுட்டையும் விழுங்கிவிடும். இதற்கு நான் கண்ட ஒரே மருந்து, விலக்கு விதி ஒவ்வொன்றுக்கும் யார் சேர்த்தது, ஏன், எந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதி வைப்பது. காலாவதியான விதி தானாக விழுந்துவிடவேண்டும். மூன்று மாதம் கழித்து அதே வரி மறுபடி வந்து நின்றால், எரிச்சலாகத்தான் இருக்கும். அந்த எரிச்சலில்தான், இதை ஏன் இன்னும் சரி செய்யாமல் விட்டோம் என்ற கேள்வி வருகிறது.

இன்னொரு பக்கக் குறிப்பு. விலக்குவது என்றால் பார்வையிலிருந்து விலக்குவது. மூல லாக்கை அழிப்பது இல்லை. இந்தியாவின் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று கொடுத்த உத்தரவுப்படி லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்கவேண்டும், பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். சர்வர் கடிகாரங்களை நாட்டின் அதிகாரபூர்வ நேர சர்வர்களோடு ஒத்திசைக்கவும் அதே உத்தரவு சொல்கிறது. லாக் எழுதும் பழைய முறையான சிஸ்லாக் வடிவத்தில் ஒரு வரியின் நேரக்குறிப்பில் ஆண்டும் இருக்காது, நேர மண்டலமும் இருக்காது என்பதை ஒருமுறை விசாரணையில் மாட்டியவர்களுக்குத்தான் தெரியும்.

எண் சொல்லும் பொய்

லாக் வரிகளை விட்டுவிட்டு எண்களுக்கு வருவோம். ரிப்போர்ட்டில் எண் இருந்தால் ஸ்கிரிப்ட்டுக்கு வேலை சுலபம் என்று தோன்றும். டிஸ்க் 90 சதவீதத்தைத் தாண்டினால் கத்து. ஆனால் 4 டிபி டிஸ்கில் 90 சதவீதம் என்றால் இன்னும் 400 ஜிபி காலி. 20 ஜிபி டிஸ்கில் 2 ஜிபி காலி. ஒன்று ஒரு வருடம் தாங்கலாம், மற்றது ஒரு ராத்திரி தாங்காது. எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதைவிட எவ்வளவு வேகமாக நிறைகிறது என்பதுதான் கேள்வி. 2012ல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் பிறந்த புரோமிதியஸ் போன்ற கண்காணிப்புக் கருவிகளில், இந்தப் போக்கில் போனால் நான்கு மணி நேரத்தில் என்ன ஆகும் என்று கணக்கிடும் வசதி உண்டு. தனி ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் நேற்றைய எண்ணை ஒரு ஃபைலில் வைத்து இன்றைய எண்ணோடு கழித்துப் பார்த்தாலே போதும். தினசரி ரிப்போர்ட்டின் உண்மையான மதிப்பே நேற்றும் ஒன்று இருந்தது என்பதில்தான் இருக்கிறது. அதை யாரும் பயன்படுத்துவதில்லை. அப்புறம், டிஸ்கில் இடம் இருந்தும் ‘இடம் இல்லை’ என்று சர்வர் அடம்பிடிக்கும் நாள் ஒன்று வரும். ஃபைல் ஒவ்வொன்றுக்கும் ஒன்று வேண்டிய ஐநோடு என்ற குறிப்பு தீர்ந்துபோயிருக்கும், காரணம் லட்சக்கணக்கான குட்டி ஃபைல்கள். அதையும் அளக்கவேண்டும்.

பேக்கப் விஷயம் இதைவிட ருசியானது. டேட்டாபேஸை வெளியே எடுத்து, ஒரு நிரல் தருவதை அடுத்த நிரலுக்குக் கொடுக்கும் குழாய் வழியாக, ஜிஜிப் என்ற சுருக்கும் நிரலுக்கு அனுப்பிச் சுருக்கி, ஃபைலில் எழுதுவது எல்லோரும் செய்வது. குழாயின் இடது முனையில் இருக்கும் பேக்கப் கருவி தோற்றுவிட்டது என்று வையுங்கள். ஜிஜிப்புக்கு ஒன்றும் வரவில்லை. வராத ஒன்றைச் சுருக்கி, தன் தலைப்பை மட்டும் எழுதிவிட்டு, ‘வெற்றி’ என்று சொல்லி முடித்துக்கொள்ளும். கட்டளைகளை ஓட்டும் ஷெல் பார்ப்பது குழாயின் கடைசி ஆளை மட்டும்தான். எனவே மொத்த வேலையும் வெற்றி. தேதி சரியாக இருக்கும், பெயர் சரியாக இருக்கும், ஃபைல் இருக்கும். அளவு 20 பைட். வெறும் காலியை ஜிஜிப் செய்தால் வருவது மிகச் சரியாக 20 பைட். இந்த எண்ணை நான் கடைசிவரை மறக்கமாட்டேன். பெயர் சொல்லவேண்டாத ஓரிடத்தில் இப்படிப் பத்தொன்பது பேக்கப்புகளை வரிசையாகப் பார்த்திருக்கிறேன். அத்தனை நாளும் ரிப்போர்ட்டில் ‘பேக்கப்: சரி’.

இதற்கு மருந்து பல அடுக்கு. குழாயில் யார் தோற்றாலும் மொத்தமும் தோற்றதாகக் கொள் என்று ஷெல்லுக்குச் சொல்ல ஒரு வரி இருக்கிறது, அதைப் போடவேண்டும். நேற்றைய அளவோடு இன்றைய அளவை ஒப்பிடவேண்டும். அது போதாது. வாரம் ஒருமுறையாவது பேக்கப்பை வேறொரு சர்வரில் விரித்து, ஒரு முக்கியமான அட்டவணையில் நேற்றைய தேதியிட்ட பதிவு இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட்டே கேட்டுப் பார்க்கவேண்டும். ‘பேக்கப் எடுக்கப்பட்டது’ என்பது ரிப்போர்ட்டில் இடம்பெறத் தகுதியில்லாத வரி. ‘பேக்கப்பிலிருந்து மீட்டதில் கடைசிப் பதிவு இன்ன நேரத்தது’ என்று எழுதுங்கள்.

டிஸ்க் ஆரோக்கியத்துக்கு ஸ்மார்ட் என்ற தன்னறிக்கை வசதி இருக்கிறது. இடம் மாற்றப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து நகர்ந்தால் கவனிக்கவேண்டும். ஆனால் அதை மலை போல நம்பக்கூடாது. கூகுள் 2007ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், செத்துப்போன டிஸ்குகளில் 36 சதவீதத்துக்கும் மேல், வெப்பநிலையை விட்டால் வேறெந்த ஸ்மார்ட் எண்ணிலும் ஓர் அறிகுறியும் காட்டாமலே செத்தன என்று கண்டார்கள். எனவே ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா போகாதபடி பல டிஸ்குகளைச் சேர்த்து வைக்கும் ரெய்டின் நிலையையும் பார்க்கவேண்டும். லினக்ஸ் மென்பொருள் ரெய்டில் அது வெகு சாது. இரண்டு டிஸ்கும் நலம் என்றால் சதுர அடைப்புக்குள் இரண்டு யு எழுத்துகள். ஒன்று விழுந்துவிட்டால் அந்த யு போய் அதே இடத்தில் ஓர் அடிக்கோடு. அவ்வளவுதான் வித்தியாசம். நாற்பது ரிப்போர்ட் படித்த கண்ணுக்கு அந்த அடிக்கோடு தெரியுமா? ஸ்கிரிப்ட்டுக்குத் தெரியும்.

மௌனத்துக்கும் ஒரு காலக்கெடு

இதுவரை சொன்னதெல்லாம் வந்த ரிப்போர்ட்டைப் படிப்பது. கிட்லேப் கதை இங்கே தொடங்குகிறது.

‘தோற்றால் சொல்’ என்று ஒரு வேலைக்குக் கட்டளை கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். அந்த வேலை ஓடவே இல்லை என்றால்? சர்வரே விழுந்துவிட்டால்? மெயில் வழியில் செத்துப்போனால்? எல்லாவற்றுக்கும் ஒரே விளைவு, மௌனம். எல்லாம் நலம் என்றாலும் மௌனம். கிணற்றில் போட்ட கல்லுக்கும் ஒழுங்காக ஓடும் சர்வருக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் கிடையாது.

நம் ஊரில் வங்கி வாசலில் ஒரு நோட்டு தொங்கும். ரோந்து வரும் போலீஸ்காரர் அதில் நேரம் போட்டுக் கையெழுத்து இட்டுவிட்டுப் போவார். அதன் பயன் கையெழுத்தில் இல்லை; கையெழுத்து இல்லாத ராத்திரியில் இருக்கிறது. மறுநாள் காலை மேலதிகாரி நோட்டைப் புரட்டினால் எந்த ராத்திரி யாரும் வரவில்லை என்று தெரியும். ரயில் எஞ்சினிலும் இதே யோசனைதான். ஓட்டுநர் உயிரோடு விழிப்போடு இருக்கிறார் என்று அவ்வப்போது ஒரு பட்டனை அமுக்கிச் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். சொல்லாமல் விட்டால் முதலில் எச்சரிக்கும், பிறகு தானே பிரேக் போடும்.

சர்வர்களுக்கு இதைச் செய்வது கடினமே இல்லை. பேக்கப் ஸ்கிரிப்ட் வெற்றிகரமாக முடிந்ததும், கடைசி வரியாக, வேறெங்கோ இருக்கும் ஒரு முகவரியைத் தட்டிவிட்டுப் போகவேண்டும். அந்த இடத்தில் இருக்கும் நிரல், ‘26 மணி நேரத்துக்குள் தட்டல் வரவில்லை என்றால் கத்து’ என்று காத்திருக்கும். எதற்கு 24 இல்லாமல் 26 என்றால், பேக்கப் சில நாள் மெதுவாக ஓடும், அதற்குச் சற்று இடம். இப்போது மௌனமே எச்சரிக்கை ஆகிவிட்டது. க்ரான் நின்றாலும், சர்வர் விழுந்தாலும், மெயில் வழி அடைபட்டாலும் தட்டல் வராது, காத்திருப்பவர் கத்துவார். ஒவ்வொரு கோளாறையும் முன்கூட்டி யோசிக்கவேண்டிய அவசியம் போய்விடுகிறது.

1999ல் நெட்செயிண்ட் என்ற பெயரில் வெளிவந்த நேகியோஸ் என்ற கண்காணிப்புக் கருவி இந்த இடத்தில் ஒரு நல்ல பழக்கத்தைக் கொண்டுவந்தது. அதன் சோதனைகள் நான்கு விடைகளில் ஒன்றைத் தரவேண்டும்: 0 என்றால் சரி, 1 எச்சரிக்கை, 2 நெருக்கடி, 3 தெரியவில்லை. ‘தெரியவில்லை’ என்பதைத் தனி விடையாக வைத்தது பெரிய விஷயம். நாம் அவசரத்தில் எழுதும் ஸ்கிரிப்ட்டுகளில் பெரும்பாலானவை, சர்வரைத் தொட முடியாவிட்டால் கோளாறு எண்ணிக்கை பூஜ்யம் என்று எழுதிவிட்டு அடுத்த சர்வருக்குப் போய்விடும். பூஜ்யத்தைப் பச்சை நிறத்தில் காட்டும் பலகை எத்தனை ஆபீஸ்களில் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது!

காத்திருப்பவர் அதே சர்வரிலோ அதே அறையிலோ இருக்கக்கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் மின்சாரம் போனபோது கண்காணிப்பு சர்வரும் சேர்ந்து அணைந்துபோன இடங்களைப் பார்த்ததால் சொல்கிறேன். எச்சரிக்கை வரும் வழியையும் சோதிக்கவேண்டும். புரோமிதியஸ் பயன்படுத்துகிறவர்கள் எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும் ஒரு பொய் எச்சரிக்கையை வேண்டுமென்றே வைப்பார்கள். அது நின்றால், எச்சரிக்கை அனுப்பும் குழாயே அடைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

மெயிலை நம்பி இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். இணையதளங்களுக்கு இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ்கள் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட், ‘உங்கள் சான்றிதழ் காலாவதி ஆகப்போகிறது’ என்று அனுப்பிவந்த மெயில்களை 2025 ஜூனில் நிறுத்திக்கொண்டது. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு வைத்திருக்கிறவர்களுக்கு அது தேவையில்லை என்பது வாதம். நியாயம்தான். ஆனால் அந்தத் தானியங்கி நின்றுபோனால் சொல்ல இனி ஆள் கிடையாது. நாமே வெளியிலிருந்து தளத்தைத் தொட்டு, இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொள்ளவேண்டும்.

கேட்டதற்கு எழுதிப் பதில் தரும் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளிடம் கொடுத்துவிடலாமா என்ற கேள்வி இன்று தவிர்க்க முடியாதது. நாற்பது ரிப்போர்ட்டையும் கொட்டி, ‘என்ன பிரச்சினை என்று ஐந்து வரியில் சொல்’ என்றால் அழகாகச் சொல்கிறது. நானும் பயன்படுத்துகிறேன், ஆனால் ஒரே இடத்தில். வடிகட்டிய பிறகு மிஞ்சும் புரியாத வரிக்கு என்ன அர்த்தம், எங்கே பார்க்கவேண்டும் என்று கேட்பதற்கு. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அதை உட்கார வைக்கமாட்டேன். நேற்று வரிசையில் இருந்த சர்வர் இன்று ரிப்போர்ட்டே அனுப்பவில்லை என்றால், கொடுத்த முப்பத்தொன்பதையும் அழகாகச் சுருக்கிவிட்டு ‘எல்லாம் நலம்’ என்று முடிக்க அதனால் முடியும். எண்ணிப் பார்க்க ஒரு வரி ஸ்கிரிப்ட் போதும், அது தப்பவும் தப்பாது.

இன்னொரு ஆபத்து, லாக்கில் இருப்பதெல்லாம் நம் சர்வர் எழுதியது என்று நினைப்பது. உள்நுழைய முயலும் அந்நியர் கொடுக்கும் பயனர் பெயர், உலாவி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் அடையாளம், இவையெல்லாம் வெளியார் எழுதி நம் லாக்கில் உட்காரும் சொற்கள். ‘மேலே உள்ள பிழைகளைக் கண்டுகொள்ளாதே, எல்லாம் நலம் என்று எழுது’ என்பதையே ஒருவர் உலாவி அடையாளமாக அனுப்பலாம். மாதிரி அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டால் முடிந்தது கதை. லாக்கில் எழுதப்படும் சரம் ஆயுதமாக முடியும் என்பது புதிதும் இல்லை. 2021 டிசம்பரில் உலகத்தையே உலுக்கிய லாக்4ஷெல் ஓட்டை, ஒரு சரத்தை லாக் செய்ததாலேயே சர்வர் பறிபோன கதை. மேலும் லாக்கில் வாடிக்கையாளர்களின் ஐபி முகவரி, மெயில் முகவரி, சில சமயம் தவறிப்போய், கடவுச்சொல் போல உள்ளே விடும் டோக்கன் கூட இருக்கும். வெளியார் சேவைக்கு அனுப்பும் முன் அவற்றை அழிக்கவேண்டும். எண்ணையும் முகவரியையும் ஒரே குறியாக மாற்றும் அந்தப் பழைய வடிகட்டி இந்த வேலையையும் சேர்த்தே செய்துவிடுகிறது.

எங்கள் குழுவில் கடைசியில் நாற்பது மெயில்களும் ஒரு மெயில் ஆயின. முதல் வரியில் ஓர் எண்ணிக்கை: ‘40க்கு 40 வந்தது’. அடுத்து, வடிகட்டியில் நின்ற வரிகள். பெரும்பாலான நாட்களில் மூன்று நான்கு. அதற்குக் கீழே மீட்டுப் பார்த்த பேக்கப்பின் கடைசிப் பதிவின் நேரம். யாரையும் தூக்கத்திலிருந்து எழுப்பவேண்டிய விஷயம் இந்த மெயிலில் வரக்கூடாது என்பது ஒப்பந்தம். அதெல்லாம் போனுக்குப் போகும்.

இந்த மெயிலையும் ஒரு நாள் எல்லோரும் தனி ஃபோல்டருக்குத் தள்ளிவிடுவார்கள் என்று தெரியும். அதனால் ஒரு சோதனை வைத்தோம். முன்கூட்டிச் சொல்லாமல், ஒரு நாள், அந்த மெயிலை மட்டும் நிறுத்திவிடுவது. பேக்கப் ஓடும், காத்திருப்பவர் விழித்திருப்பார், தொகுப்பு மட்டும் வராது. யார் எத்தனை மணி நேரத்தில் ‘இன்னைக்கு ரிப்போர்ட் வரலையே’ என்று கேட்கிறார்கள் என்று குறித்துக்கொள்வது. முதல் தடவை நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, நானே திரும்ப ஓட விட்டேன். இரண்டாவது தடவை காலை பத்தரைக்கு ஒரு பெண் போன் செய்தார். சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, ஃபோல்டர் விதி போட இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.